தெளிவும் தூய்மையும்: ஒரு மீன் தொட்டி கற்பித்த பாடம்

 

மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருவன் மீன் தொட்டியைப் பற்றி எழுதுவதா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. ஆயினும், பதினெட்டு ஆண்டுகளாகத் தண்ணீரின் சட்டங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வரும் நான், ஐம்பது லிட்டர் தண்ணீருக்கு முன்னால் அறிவிழந்து நின்றேன். அந்த அறியாமையால் ஒன்பது உயிர்கள் போயின. ஒரு சிறுவனின் மனமும் புண்பட்டது. அதை மறைத்துவிட்டு உபதேசம் மட்டும் செய்வது நேர்மையாகாது என்பதால் எழுதுகிறேன்.

நான் கடற்கரை ஊரொன்றில் பிறந்தவன். எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் ஹவுழில் மீன்கள் இருந்தன. உளூச் செய்ய அமரும்போது அவை விரல் நுனியைத் தொட்டுவிட்டு விலகும். கொசுப் புழுக்களை அவை தின்றுவிடும் என்று வாப்பா சொல்வார்கள். அந்த ஹவுழின் நீர் மழைக்காலத்தில் சற்றுக் கலங்கலாகவும், கோடையில் இளம்பச்சையாகவும் இருக்கும். யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. மீன்கள் தலைமுறை தலைமுறையாக அதிலேயே வாழ்ந்தன. இந்த நினைவு எனக்கு உதவியிருக்க வேண்டும். உரிய நேரத்தில் உதவவில்லை.

இப்போது சென்னையின் வடபகுதியில், பள்ளிவாசலை ஒட்டிய மக்தப் மத்ரஸா ஒன்றில் அஸருக்குப் பின் நாற்பது பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறேன். சென்ற ஆண்டு, வீடு மாறிப் போன ஒரு மாணவனின் தந்தை தம் வீட்டு மீன் தொட்டியை எங்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கூழாங்கல்லும் மேலே விட்ட இடைவெளியும் போக ஐம்பது லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீர் கொள்ளும். காற்றைக் குமிழியாக்கும் ஏர் பம்ப், அதில் பொருத்திய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு விளக்கு. மீன்கள் பதினான்கு: கறுப்பு மாலி நான்கு, செந்நிறப் பிளாட்டி ஆறு, உடம்பில் நீளக் கோடுகள் ஓடும் ஸீப்ரா மீன் நான்கு.

பிள்ளைகளுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு பறவையை வளர்த்ததையும், அது இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அந்தக் குழந்தையிடம் அன்போடு அதைப் பற்றி விசாரித்ததையும் அன்று பாடமாகச் சொன்னேன். உயிர்களை வளர்க்கலாம், ஆனால் அவற்றின் உணவும் நலமும் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்றும் சொன்னேன். வெளிச்சம் நன்றாக விழட்டுமென்று கிழக்குப் பக்கத்துச் சன்னலுக்கு அருகே தொட்டியை வைத்தேன். அதுவே என் முதல் பிழை.

மூன்று வாரம் கழிந்தது. தண்ணீர் பச்சை பூத்தது. முதலில் வெளிறிய பச்சை. பிறகு மறுபக்கம் நிற்கும் பிள்ளையின் முகம் தெரியாத அளவுக்கு அடர்ந்த பச்சை. மீன்கள் கண்ணாடியை ஒட்டி வரும்போது மட்டும் ஒரு நிழல் போலத் தெரிந்து மறையும். பள்ளிக்கு வருவோர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன ஹஜ்ரத், குட்டையாக்கி வச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். 'தூய்மை ஈமானின் ஒரு பகுதி என்று கற்பிக்கும் இடத்தில் இப்படியொரு தொட்டியா?' என்று அவர்கள் நினைப்பதாக நானே எண்ணிக்கொண்டு வெட்கப்பட்டேன்.

இந்த வெட்கம்தான் என்னை அநியாயத்தில் கொண்டு போய்விட்டது.

ஒன்பது வயது மாணவன் ஒருவன் தினமும் மற்றவர்களுக்கு முன்பே வந்து தொட்டியருகே நிற்பான். அதிகம் பேசாத பிள்ளை. ஒருநாள் அவன் விரல்களில் பிஸ்கட் துகள்களைக் கண்டேன். "நீதானே பிஸ்கட்டைப் போட்டுத் தண்ணீரைக் கெடுத்தவன்?" என்று நாற்பது பிள்ளைகள் முன்னிலையில் கேட்டேன். "நான் போடல ஹஜ்ரத்" என்றான். கூடவே ஏதோ சொல்ல வந்தான். "பொய் சொல்லாதே" என்று அவனை நிறுத்தினேன். இனித் தொட்டிப் பக்கமே போகக்கூடாது என்றும் உத்தரவிட்டேன். அவன் பேசாமல் தன் பலகைக்கு முன் போய் அமர்ந்தான். அதற்குப் பின் வகுப்பில் அவன் குரலே எழவில்லை. கேட்டால் ஓதுவான், கேட்காவிட்டால் தலை குனிந்து இருப்பான். அதை நான் திருந்தியதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

மத்ரஸாவின் ஆண்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மஃரிபுக்குப் பின் ஏற்பாடாகியிருந்தது. தொட்டியைக் கொடுத்தவரும் வருவதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை லுஹருக்குப் பின் நான் கையை மடித்துக்கொண்டு வேலையில் இறங்கினேன். மீன்களை ஒரு வாளியில் மாற்றினேன். பச்சைத் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை வெளியேற்றினேன். கூழாங்கற்களைக் குழாயடியில் அரிசி களைவது போல் களைந்தேன். ஸ்பாஞ்சைப் பிழிந்து பிழிந்து, அதிலிருந்து வந்த பழுப்பு நீர் முற்றும் தெளியும்வரை கழுவினேன். கண்ணாடியைத் தேய்த்துத் துடைத்தேன். லாரியில் வந்து மேல்தொட்டியில் நிரம்பியிருந்த தண்ணீரைப் பிடித்து நிரப்பினேன். குளோரின் வாசம் லேசாக மூக்கில் ஏறியது; சுத்தமான தண்ணீருக்கு அதுவே சான்று என்று திருப்தியடைந்தேன். மீன்களை விட்டேன். தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. அவ்வளவு தெளிவு. மீன்கள் காற்றில் மிதப்பன போல் இருந்தன.

இஷாவுக்குப் பின் விளக்கை அணைக்கச் சென்றபோது மீன்கள் அனைத்தும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. புது இடம்போல் இருக்கிறது, பழகிவிடும் என்று எண்ணிக் கதவைச் சாத்தினேன். ஞாயிறு சுப்ஹுக்குப் பின் பார்த்தபோது மூன்று ஸீப்ராக்கள் கல்லின் மேல் கிடந்தன. பிள்ளைகள் வருமுன் எடுத்துப் புதைத்துவிட்டேன். விழாவுக்கு வந்தவர்கள் தொட்டியைச் சுற்றி நின்று, "மாஷா அல்லாஹ், கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்க" என்று பாராட்டினார்கள். அந்தச் சிறுவன் மேடையேறிப் பிழையின்றி ஒரு ஸூரா ஓதினான். தலை நிமிரவில்லை. "எவ்வளவு அடக்கமான பிள்ளை!" என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். இரண்டு பாராட்டுகளையும் நான் ஏற்றுக்கொண்டேன்.

திங்கட்கிழமை இரண்டு மீன்கள். செவ்வாய் இரண்டு. புதன் இரண்டு. தண்ணீரில் ஒரு மாசும் இல்லை. சாவு மட்டும் நிற்கவில்லை.

பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், அது தானே தேடித் தின்னவும் விடாமல் கொன்ற பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையைச் சொல்லும் ஹதீஸைப் புகாரியிலும் முஸ்லிமிலும் ஓதியிருக்கிறேன், ஓதிக்கொடுத்தும் இருக்கிறேன். அந்தப் புதன்கிழமை இரவு அது என்னை உறங்க விடவில்லை. நான் உணவளிக்காமல் இருக்கவில்லைதான். ஆனாலும் நான்கு கண்ணாடிகளுக்குள் அடைபட்ட ஓர் உயிருக்குத் தண்ணீரை விட்டு ஓடிப்போக வழியில்லை. ஆற்று மீன் கெட்ட நீரை விட்டு நல்ல நீருக்கு நீந்திப் போகும். தொட்டி மீனுக்கு நான் வைத்ததே நீர்.

மறுநாள் காலை ஒரு பாட்டிலில் தொட்டி நீரை எடுத்துக்கொண்டு கொளத்தூர் சென்றேன். வண்ண மீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர்பெற்ற பகுதி அது. வீட்டு முற்றங்களிலும் மொட்டை மாடிகளிலும் சிமெண்டுத் தொட்டி கட்டி மீன் பெருக்கும் குடும்பங்கள் அங்கே பல உண்டு. கடைத்தெருவில் வயது முதிர்ந்த கடைக்காரர் ஒருவர் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு சிறு கண்ணாடிக் குழாயில் என் தண்ணீரை ஊற்றி, இரண்டு மருந்துப் புட்டிகளிலிருந்து சில துளிகள் விட்டுக் குலுக்கி வைத்தார். "அமோனியா இல்லன்னா மஞ்சளா இருக்கும் பாய்" என்றார். சில நிமிடங்களில் என் தெளிந்த நீர் கரும்பச்சையாக மாறியது.

நான் ஓட ஓட விரட்டிய அதே பச்சை, இப்போது ஒரு குழாய்க்குள் நின்று என்னைப் பார்த்தது.

"பச்சைத் தண்ணியில மீன் நல்லாத்தானே இருந்துச்சு? நீங்க கழுவினதுலதான் பாய் போச்சு" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. பலருக்கும் சொல்லிப் பழகிய தொனி அது.

அவர் விளக்கியதையும், பின்னர் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். மீன் தன் செவுள்கள் வழியாக இடைவிடாமல் அமோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட இரையும் கழிவும் அழுகும்போதும் அமோனியா உண்டாகிறது. அது நிறமற்றது, நீரில் கரைந்து நிற்பது. மீனின் செவுளை அது அரிக்கும். தண்ணீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடக்கூட அதன் நச்சுத்தன்மையும் கூடும். நம் பகுதியின் கடின நீரும் வெயிலும் அதற்கு மிகவும் தோதானவை.

இந்த நச்சை முறிக்க அல்லாஹ் சில நுண்ணுயிர்களை ஏற்படுத்தியிருக்கிறான். நைட்ரோசோமோனாஸ் போன்றவை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சே. நைட்ரோஸ்பைரா போன்ற வேறு சில அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டால் கேடு மிகக் குறைவு. வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீரை மாற்றினால் அது போய்விடும். இந்த நுண்ணுயிர்கள் நீரில் மிதப்பதைவிட, ஸ்பாஞ்சின் துளைகளிலும் கூழாங்கல்லின் மேலும் வழுவழுப்பாகப் படிந்தே பெரும்பாலும் வாழ்கின்றன. புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நான் அழுக்கு என்று பிழிந்து கொட்டிய பழுப்பு நீரில் அந்தக் கூட்டத்தின் பெரும்பகுதி போயிற்று. எஞ்சியதைக் குளோரின் கொன்றது. அதே குளோரின்தான் முதல் இரவிலேயே மூன்று மீன்களின் செவுள்களையும் சுட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றும் அவர் சொன்னார். தண்ணீரைப் பச்சையாக்குவது கண்ணுக்குத் தெரியாத மிதக்கும் பாசி. அதற்கு வேண்டியது வெயிலும் உரமும். அந்த உரத்தில் அமோனியாவும் ஒன்று. ஆக, நான் வெறுத்த பச்சை, நான் காணாத நஞ்சைத் தின்றுகொண்டிருந்தது. பார்வைக்கு அழகில்லை, மீனுக்குக் கெடுதலும் இல்லை.

"பிஸ்கட் போட்டா?" என்று கேட்டேன்.

"பிஸ்கட் போட்டா வெள்ளையா மங்கி நாத்தம் எடுக்கும் பாய். பச்சைக்குக் காரணம் வெயில். தொட்டி சன்னல் பக்கமா இருக்கா?"

நான் பதில் சொல்லவில்லை.

திரும்பி வரும் பேருந்தில் எனக்கு என் பாடமே நினைவில் ஓடியது. ஷாபிஈ மத்ஹபின் ஆரம்ப நூல்கள் பலவும் தூய்மைப் பாடத்தில் தொடங்குகின்றன. தூய்மைப் பாடம் தண்ணீரில் தொடங்குகிறது. அதில் நான் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுப்பவை இவை: நெடுநாள் தேங்கியதாலோ பாசியாலோ நிறம் மாறிய நீர் உளூவுக்குத் தகுதியானதே. பன்னீர் தெளிந்தது, மணமானது, சுத்தமானதும்கூட. ஆனால் அதில் உளூ நிறைவேறாது. இரண்டு குல்லாவுக்குக் குறைந்த நீரில், அதாவது ஏறத்தாழ இருநூறு லிட்டருக்குக் குறைந்ததில், ஒரு சொட்டுச் சிறுநீர் விழுந்தால், நிறமோ சுவையோ வாடையோ மாறாவிட்டாலும் அந்நீர் அசுத்தமாகும். அந்த அளவை எட்டிய பெரிய நீரோ, அம்மூன்றில் ஒன்று மாறினாலன்றி அசுத்தமாகாது. கண் பார்ப்பது மட்டுமே தீர்ப்பாகாது என்பது இப்பாடத்தின் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. அதை நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன், எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

மார்க்கம் கூறும் தூய்மையும் மீனுக்கு வேண்டிய நீரின் நலமும் வெவ்வேறு பொருள்கள். இரண்டையும் ஒன்றாக்கி, அமோனியாவை ஃபிக்ஹு நூலுக்குள் தேட வேண்டியதில்லை. ஆயினும், சிறிய நீர் விரைவில் மாறும், பெரிய நீர் தாங்கும் என்பது மீன் வளர்ப்போருக்கும் அனுபவ உண்மை. எங்கள் ஊர் ஹவுழில் தலைமுறைகளாக மீன் வாழ்ந்ததற்கும் என் தொட்டியில் ஐந்து நாளில் ஒன்பது செத்ததற்கும் நீரின் அளவும் ஒரு காரணம். புதிதாக வாங்குவோர் சிறிய தொட்டியே பராமரிக்க எளிது என்று எண்ணுகிறார்கள். உண்மை அதற்கு நேர் எதிரானது.

அன்று அஸருக்குப் பின், குற்றம் சாட்டியது எல்லார் முன்னிலையிலும் என்பதால் மன்னிப்பும் எல்லார் முன்னிலையிலும் கேட்பதே முறை என்று முடிவு செய்தேன். இதை எழுதுவது எளிது. நாற்பது பிள்ளைகள் பார்த்திருக்க, ஒன்பது வயதுப் பிள்ளை முன் நிற்கும்போது நாக்கு வறண்டது. "நீ பிஸ்கட் போடவில்லை. தண்ணீர் பச்சையானதற்கு நான் தொட்டியை வைத்த இடம் காரணம். மீன்கள் இறந்ததற்கு நான் கழுவியது காரணம். உன்மேல் பொய்யாகப் பழி சொன்னேன். என்னை மன்னித்துவிடு தம்பி" என்றேன்.

வகுப்பு அசையவில்லை. அவன் தொட்டியைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்:

"சன்னல் பக்கத்துக் கண்ணாடிதான் ஹஜ்ரத் முதல்ல பச்சையாச்சு. அன்னிக்கே சொல்ல வந்தேன்."

எனக்கு அந்த இடத்திலேயே அமர்ந்துவிட வேண்டும்போல் இருந்தது. தினமும் நின்று பார்த்தவன் அவன். எது எப்படித் தொடங்கியது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கொளத்தூர்வரை சென்று நான் தெரிந்துகொண்டதை, என் வகுப்பறையிலேயே ஒரு பிள்ளை வாயில் வைத்துக்கொண்டு நின்றான். அந்த வாயை அடைத்தவன் நான். அபூ உமைரின் கதையை அழகாகச் சொன்ன நான், மீன்கள் செத்தபோது இவனிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவும் இல்லை. அவை அவனுக்கு யாராக இருந்தன என்று நினைத்துப் பார்க்கவும் இல்லை.

அன்றிலிருந்து தொட்டிக்கு அவனே பொறுப்பாளன். எஞ்சியிருந்தவை ஐந்து: இரண்டு மாலி, இரண்டு பிளாட்டி, ஒரு ஸீப்ரா. கடைக்காரர் தம் கடையில் ஓடிக்கொண்டிருந்த தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைப் பிடுங்கி ஈரத்தோடு பையில் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் குடியிருந்த நுண்ணுயிர்கள் எங்கள் தொட்டிக்கு விதை நெல் போல் ஆயின. இரண்டு நாள் இரை போடவில்லை. நலமுள்ள மீன் சில நாள் பசி தாங்கும். தினமும் கால் பங்கு நீரை மாற்றினோம். மாற்றும் நீரை முதல் நாளே வாளியில் பிடித்து, கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் துளிகளை அளவாக விட்டு, தொட்டி நீரின் வெதுவெதுப்புக்கு வந்த பிறகே ஊற்றினோம். தொட்டியைச் சன்னலிலிருந்து உட்சுவருக்கு நகர்த்தினோம். விளக்கை எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய விடவில்லை.

இரண்டாம் வாரம் தண்ணீர் பால் கலந்தது போல் வெளுத்தது. பிள்ளைகள் பதறினார்கள், "கழுவிடலாம் ஹஜ்ரத்" என்றார்கள். என் கையும் துடித்தது. அந்தச் சிறுவன்தான், "தொடக்கூடாதுன்னு கடைக்காரர் சொன்னாருல்ல?" என்று நினைவூட்டினான். புதிதாக அமையும் தொட்டியில் ஒருவகை நுண்ணுயிர்கள் திடீரெனப் பெருகுவதால் உண்டாகும் வெண்மை அது. முழுத் தண்ணீரையும் மாற்றினால் மீண்டும் மீண்டும் வரும். விட்டுவிட்டால் தானே அடங்கும். ஆறு நாள் பொறுத்தோம். ஏழாம் நாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவனின் சட்டைப் பொத்தான்கள் தெரிந்தன. ஆறாம் வாரம் சோதனைக் குழாயில் தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. யாரும் எதையும் தேய்த்துக் கழுவாமலே தொட்டி தெளிந்திருந்தது.

வீட்டில் மீன் வளர்க்கும் சகோதரர்களுக்குப் பயன்படும் என்பதால் நாங்கள் இப்போது கடைப்பிடிப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீர் கலங்கினால் முதலில் நிறத்தைப் பாருங்கள். பச்சையென்றால் வெளிச்சத்தைக் குறையுங்கள். வெண்மையென்றால் இரையைக் குறைத்துப் பொறுத்திருங்கள். துர்வாடை வந்தால் எங்கோ இரையோ இறந்த மீனோ அழுகுகிறது, தேடி எடுங்கள். தேயிலை நிறமென்றால் தொட்டியில் வைத்த மரக்கட்டையின் சாறு, அதனால் கேடில்லை. கல் போட்ட அன்றே மண்ணிறமாகக் கலங்கினால் கல்லைச் சரியாகக் கழுவவில்லை என்று பொருள்.

இரையைப் பொறுத்தவரை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். பெரும்பாலான கலங்கலுக்கு நம் தாராளக் கையே காரணம். வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மட்டும் ரப்பர் குழாயால் அடிக்கல்லின் அழுக்கோடு உறிஞ்சி எடுங்கள். ஸ்பாஞ்சை, குமிழி குறைந்தால் மட்டும், எடுத்த அந்தத் தொட்டி நீரிலேயே மெதுவாக இரண்டு முறை பிழிந்து திரும்ப வையுங்கள். குழாயடிக்குக் கொண்டு போகாதீர்கள். ஃபில்டரையும் கல்லையும் ஒரே நாளில் சுத்தம் செய்யாதீர்கள். வெளியேற்றிய நீரைச் சாக்கடையில் விடாதீர்கள். அதிலுள்ள நைட்ரேட் செடிக்கு நல்ல உரம். எங்கள் பள்ளியின் பின்புற வாழை அதைக் குடித்துத்தான் இந்த ஆண்டு குலை தள்ளியது.

கடைசியாக, இந்தத் தொட்டி என் ஓதிக்கொடுக்கும் முறையில் செய்த மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் சத்தமின்றி வரிசையாக அமர்ந்திருப்பதே நல்ல வகுப்பு என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். யாரும் குறுக்கே பேசாத, யாரும் கேள்வி கேட்காத வகுப்பைப் பார்த்து வெளியார் பாராட்டும்போது மனம் குளிரும். அந்த அமைதியில் எத்தனை பிள்ளைகள் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு இருந்தார்கள் என்று நான் அளந்து பார்த்ததில்லை. ஒழுக்கம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இப்போது ஒரு பிள்ளை வழக்கத்துக்கு மாறாக அடங்கிப் போனால் அவனைப் பாராட்டும் முன், அருகழைத்து என்னவென்று கேட்கிறேன். ஓதி முடித்த பின் கால் மணி நேரம் அவர்கள் கேள்வி கேட்கும் நேரம். அப்போது வகுப்பு சற்றுக் கலங்கலாகத்தான் இருக்கும். "இந்தத் தண்ணில உளூ செய்யலாமா ஹஜ்ரத்?", "மீன் தூங்குமா ஹஜ்ரத்?", "மீனுக்கு அல்லாஹ்வைத் தெரியுமா ஹஜ்ரத்?" என்று கூச்சல் எழும். முதல் கேள்விக்கு விடை சொல்ல மட்டும் ஒரு வாரப் பாடம் ஓடியது.

சென்ற மாதம் ஒருநாள் நான் சலாம் சொல்லி உள்ளே நுழையுமுன் அந்தச் சிறுவன் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தான். தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் மட்டும் பாசியை நாங்கள் துடைப்பதில்லை. மீன்கள் கொறிக்கட்டும் என்று விட்டுவிடுவோம். அந்தப் பச்சைப் படலத்தை ஒட்டிக் கடுகளவுக் கண்களோடு கறுப்பாக ஏதோ அசைந்தது. மாலி குஞ்சு போட்டிருந்தது. "ஒம்பது ஹஜ்ரத், ரெண்டு தடவை எண்ணிட்டேன்" என்றான். அவன் குரல் வகுப்பின் கடைசி வரிசை வரை கேட்டது.

அல்ஹம்துலில்லாஹ். நம் பொறுப்பில் விடப்பட்ட உயிர்களிடமும், அதைவிட மேலாக நம் பொறுப்பில் விடப்பட்ட பிள்ளைகளிடமும், வெளித்தோற்றத்தைக் கண்டு அவசரப்பட்டுத் தீர்ப்பளிக்கும் பிழையிலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. தவறியதைத் தவறியவரிடமே ஒப்புக்கொள்ளும் துணிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.